மூன்றாம் ஓலைக்கு எழுந்தவர்கள்

ஆங் மோ கியோ
திங்கட்கிழமை

பிரியமுள்ள மகள் ரோஷினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். உடம்பைப் பற்றி மட்டும் என்றால் அது உண்மை. அம்மாவின் இரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கி இருக்கிறது. அவளுடைய கோபம்தான் எதற்கும் அடங்கவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து என்னோடு பேச்சில்லை. தோசையைத் தட்டில் போட்டு, தட்டை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளிவிட்டு, ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். பேச்சை நிறுத்துவதற்கு முன் அவள் கடைசியாகக் கேட்ட கேள்வி இது: "நிக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு வாயத் தொறக்கத் தெரியாதா?"

நீ அவளுக்கு அனுப்பிய செய்தியை எனக்குப் படித்துக் காட்டினாள். "அப்பாவுக்கு இஷ்டமில்லன்னா பரவால்ல மா. நாங்க மெல்பர்ன்லயே ரெஜிஸ்டர் பண்ணிக்கிறோம். யாரும் வர வேணாம். பாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க." அதற்குப் பிறகு நான் அழைத்த எந்த அழைப்பையும் நீ எடுக்கவில்லை. அம்மா நடந்ததை விளக்கியபோதும் நீ நம்பவில்லையாம். அப்பாவைக் காப்பாற்ற அவள் எப்போதும் ஏதாவது கதை கட்டுவாள் என்று சொன்னாயாம். ஆகவே நானே எழுதுகிறேன். அவள் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் இந்தத் தாள்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று கோயிலில் உன் கல்யாணத்துக்கு மூன்றாம் முறையாக ஓலை வாசித்தபோது நான் எழுந்து நின்றது உண்மை. தடை சொல்ல எழவில்லை. சம்மதம் சொல்ல எழுந்தேன்.

இது உனக்கு விசித்திரமாகத் தெரியும். உன் மேல் குற்றமில்லை. ஓலை வாசிப்பதையே நீ பார்த்திருக்க மாட்டாய். நம் கோயிலில் நடந்த கடைசி நாலைந்து கல்யாணங்களுக்கு அதைக் கோயில் வாரச் செய்தித்தாளில் ஒரு மூலையில் அச்சடித்ததோடு சரி. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை அறிந்தவர் யாராவது உண்டா என்று மூன்று ஞாயிறு சபையிடம் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் என் காலத்தோடு நின்றுபோனது. அது மறுபடி ஏன் தொடங்கியது என்று நேற்றுவரை எனக்கும் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கம்பம் என்று நாம் சொல்கிற அந்தப் பழைய குடியிருப்பு இருந்த காலத்தில் நம் கோயிலில் இந்த ஓலை வாசிப்புக்கு ஒரு தனி முறை இருந்தது. வேறு எந்தத் தமிழ்ச் சபையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. விமானத் தளத்தில் குழி வெட்டியவர்களும் வண்டி ஓட்டியவர்களும்தான் கம்பத்தில் குடியிருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். உன் தாத்தா உட்பட அவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கல்யாணப் பதிவில் பெருவிரல் மை வைக்க அவர்களுக்கு வெட்கம். அப்போதிருந்த உபதேசியார் ஒரு வழி சொன்னாராம். மூன்றாம் ஓலையில் "தடை உள்ளவர்கள் எழும்பலாம்" என்று கேட்கும்போது, முதலில் இரண்டு தகப்பன்மாரும் எழும்பி வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். பெற்றவனே எழுந்து ஒன்றும் சொல்லாமல் நிற்கும்போது அதற்கு மேல் பேச வேறு எவனுக்கும் இடமில்லை. அதுதான் அவர்களுடைய கையெழுத்து. உபதேசியார் "ஆமென்" என்றதும் உட்காருவார்கள். நிற்கிறவன் பேசக் கூடாது. பேசினால் அது வழக்காகிவிடும்.

என் கல்யாணத்துக்கு உன் தாத்தா தளத்து வேலைச் சட்டையோடு வந்து நின்றார். அம்மாவும் அவள் அப்பாவும் ஈப்போவில் இருந்தார்கள், ஓலைக்கு வர முடியவில்லை. அவள் அப்பாவுக்குப் பதிலாகப் பெண் பக்கத்துக்கு எழுந்து நின்றவர் யார் தெரியுமா? உன் பிரேமின் தாத்தா. அதை நான் மறந்ததில்லை. அவருடைய மகன் அருமைநாயகத்தோடு நான் பேச்சை நிறுத்துவதற்கு அது தடையாகவும் இருந்ததில்லை.

அருமைநாயகம் விஷயத்தில் நான் எதையும் பூசி மெழுகப் போவதில்லை. அவன் உனக்கு மாமனாராகப் போகிறவன் என்பதற்காக நடந்தது நடக்காததாகிவிடாது. கம்பத்துக் குழாயடியில் ஒன்றாகக் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கம்பம் போய், ஆளுக்கொரு திசையில் வீவக அடுக்குமாடி வீட்டுக்குப் பிரிந்து, நான் இங்கேயும் அவன் பாசிர் ரிஸ்ஸிலுமாக ஆன பிறகும், ஞாயிறு தவறாமல் அந்தப் பழைய கோயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். தமிழ் ஆராதனையையும் ஆங்கில ஆராதனையையும் ஒன்றாக்கிவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, காப்பிக்கடையில் தே தாரேக் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தான். அன்றைக்கே கமிட்டிக் கூட்டத்தில் எதிர்ப்பக்கம் கை தூக்கினான். "இளசுங்க போயிடும் தேவா, வேற வழியில்ல" என்றான். கூட்டத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். அதைத்தான் நான் இன்றுவரை கேட்கிறேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு தமிழ் வாசிப்பு, மற்றதெல்லாம் ஆங்கிலம். அந்த ஒரு பாட்டையும் திரையில் ஆங்கில எழுத்தில் போடுகிறார்கள். நீதிமன்றத்தில் வாழ்நாளெல்லாம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். யார் யாருடைய பொய்யையோ எழுத்துப் பிசகாமல் சொன்னவன். என் தாய்மொழியை அந்தக் கோலத்தில் நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. கமிட்டிச் செயலாளர் வேலையை விட்டேன், கோயிலையும் விட்டேன். அன்று முதல் ஞாயிறு காலையில் பஸ் பிடித்து, பெயர் தெரியாத ஒரு சபையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

நீ பிரேமைப் பற்றிச் சொன்னபோது நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். மற்ற தகப்பன்மார் அரை மணி நேரம் பேசுவார்கள் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நான் சரி என்றால் அது சரிதான். அதில் வேறொன்றும் ஒளித்து வைக்கத் தெரிந்தவனல்ல நான். முதல் இரண்டு ஓலைக்கும் நான் போகவில்லை. தகப்பன் நிற்க வேண்டியது மூன்றாம் ஓலைக்குத்தான். அதற்கு முன்னால் போய் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை.

நேற்று போனேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் முதல் பஸ்ஸில் போன பிறகு, வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டுக்கொண்டு, உன் தாத்தாவின் கறுப்பு டையையும் கட்டிக்கொண்டு போனேன். சாவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இருந்தேன் என்றாள் அம்மா. வீட்டில் இருந்த டை அது ஒன்றுதான். ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். இப்போது ஆண் பக்கம், பெண் பக்கம் என்று ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். நான் என் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாஸ்டர் கிளமெண்ட் உன் வயதுப் பையன். அவருடையது வீட்டில் பேசுகிற தமிழ்தான். ஆனாலும் ஓலையைத் தமிழில்தான் வாசித்தார். வியர்த்து வியர்த்து வாசித்தார். உன் பெயரை வாசிக்கும்போது என் பெயரையும் சேர்த்து, "ஆங் மோ கியோ தேவவரம் அவர்களின் ஒரே குமாரத்தி" என்றார். பிறகு, "இவ்விருவரும் இணைவதற்கு நியாயமான தடையை அறிந்தவர்கள் எவரேனும் உண்டானால் இப்பொழுதே எழும்பித் தெரிவிக்கக் கடவர்கள்" என்றார்.

நான் எழும்பினேன்.

பாஸ்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்கிள்... ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார். நான் பேசவில்லை, ஏனென்றால் பேசக் கூடாது. அவர் "ஆமென்" சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. "அங்கிள், ஓகேயா? உட்கார்றீங்களா?" என்றார். ஆமென் இல்லாமல் எப்படி உட்காருவது? பின்னால் புளோரா ஆன்ட்டியின் குரல், "ஐயோ, செஞ்சுட்டாரு லா. நான் சொன்னேன்ல, செய்வாருன்னு" என்றது. அந்தப் பெண் பாடகர் குழுவில் சுருதி விடுவதைப் பலமுறை பொறுத்துக்கொண்டிருக்கிறேன். இதைப் பொறுக்க மாட்டேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று. என் மகளின் கல்யாணத்தைச் சபை நடுவில் நின்று நிறுத்துகிறவன் என்று என்னை நினைக்கிறார்கள். இத்தனை வருஷம் என்னை அறிந்தவர்கள். அந்த நிமிஷம் வாயைத் திறந்து விளக்கியிருக்கலாம் என்றாள் அம்மா. முறைப்படி நிற்கிறவன் எதற்காக விளக்க வேண்டும்? நின்றுகொண்டே இருந்தேன்.

அந்த நேரத்தில் நடுவழிக்கு அந்தப்பக்கம் பெஞ்சு கிறீச்சிட்டது. அருமைநாயகம். அவனுக்குப் போன வருஷம் முழங்காலில் அறுவை நடந்தது. ஊன்றுகோலை ஒரு கையிலும் பெஞ்சின் கைப்பிடியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். எழுந்து வாயைத் திறக்காமல் நின்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பீடத்தைப் பார்த்தபடி நின்றோம்.

சபை என்ன நினைத்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். ஒரு தகப்பன் போதாதென்று இரண்டு தகப்பன்மாரும் தடை சொல்கிறார்கள்! பாஸ்டர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "நாம ஒரு பாட்டு பாடுவோம்" என்றார். பாட்டு முடிவதற்குள் உன் தொலைபேசிக்கு அந்த வீடியோத் துண்டு வந்துவிட்டதாமே. பின்னால் புளோரா ஆன்ட்டியின் குரல் பாட்டில் கேட்காதபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அனுப்பியது அவள்தான் என்று.

ஆராதனை முடிந்ததும் எங்கள் இருவரையும் வெஸ்ட்ரி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார் பாஸ்டர். அம்மாவும் வந்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. பாஸ்டர் எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "அங்கிள், உங்க ரெண்டு பேருக்கும் பிரச்சினைன்னு தெரியும். அதுக்குப் பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அருமைநாயகம் சொன்னான். "பாஸ்டர், அவன் தடை சொல்லல. சம்மதம்னு சொன்னான். நானும் அதான் சொன்னேன்."

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுமே சொல்லலையே அங்கிள்!"

"ஆமா லா. ஒண்ணும் சொல்லாம நிக்கிறதுதான் சம்மதம்."

பாஸ்டர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். தனக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தோம். உபதேசியாரைப் பற்றியும் பெருவிரல் மையைப் பற்றியும் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அருமைநாயகம் குறுக்கே விழுந்து, மாப்பிள்ளையின் தகப்பன்தான் முதலில் எழ வேண்டும், இவன் முந்திக்கொண்டான் என்றான். நான் பெண்ணின் தகப்பன்தான் முதலில் என்றேன். "டேய், நான் எந்திரிச்சுக்கிட்டுதான் இருந்தேன், முட்டி வரல. அதுக்குள்ள நீ கொடிக்கம்பம் மாதிரி நின்னுட்ட. சின்ன வயசுலேருந்து இதே அவசரம்." நான் அவனுக்குப் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். அம்மா முந்தானையை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தாள். மெல்பர்னுக்குப் போன் போட வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் நான் பாஸ்டரைக் கேட்டேன், நின்றுபோன ஓலை வாசிப்பை எதற்காக மறுபடி எடுத்தீர்கள் என்று. "ரோஷினிதான் கேட்டாங்க அங்கிள். வாய்விட்டுப் படிங்க, மூணு வாரமும் படிங்க, தமிழ்ல படிங்க, எங்கப்பா என்னைக்காவது ஒரு நாள் வந்தா கேக்கட்டும்னாங்க. அதுக்காக நான் வீட்ல பிராக்டிஸ் பண்ணேன்."

இதை ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை? நீயாவது சொல்லியிருக்கலாம். சரி, விடு.

ஓலை நடுவில் நின்றுபோனதால் அது செல்லாது. வரும் ஞாயிறு மூன்றாம் ஓலையை மறுபடி வாசிக்க வேண்டும் என்று பாஸ்டர் முடிவு செய்தார். நீ வேண்டாம் என்று சொன்னால் வாசிக்கப் போவதில்லை. அதனால்தான் இந்த அவசரம்.

புதன்கிழமை

திங்களன்று எழுதியதை அனுப்பவில்லை. எழுதியதைப் படித்த அம்மா, "இதுல பாதி அருமைநாயகம் அண்ணனத் திட்டித்தான் இருக்கு. பொண்ணுக்கு என்ன இருக்கு?" என்று தாள்களை என்னிடமே கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் அதைச் சொல்வதற்காகப் பேசினாள். அதுவும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. எழுத இன்னும் விஷயம் வந்துவிட்டது.

நேற்று காலை தொலைபேசி அடித்தது. தெரியாத எண். எடுத்தால் அருமைநாயகம். அவனுடைய எண்ணை நான் அழித்துவிட்டிருந்தேன். ஹலோ, சுகமா எதுவும் இல்லை. "தேவா, ஒம் பொண்ணு எடுக்குறாளா?" என்றான். இல்லை என்றேன். "இங்கயும் இல்ல. இவனும் எடுக்க மாட்டேங்குறான். நூர்தீன் வேற கேக்குறான், ஆடு சொல்லவா வேணாமான்னு. தேக்காவுக்கு வா."

நூர்தீனை உனக்கு நினைவிருக்கும். தேக்காவில், சிராங்கூன் ரோட்டுக்கு உள்ளே சந்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பாவும் நம் கம்பத்துக்காரர்தான். நம் கோயில் அசன விருந்துக்கு அந்தக் காலத்திலிருந்தே அவர்கள் வீட்டு அண்டாதான், அவர்கள் வீட்டுக் கைப்பக்குவம்தான். உன் கல்யாணத்துக்கும் விருந்து மண்டபம் வேண்டாம், கோயில் வளாகத்தில் பாய் விரித்து எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து அசனச் சோறு சாப்பிட வேண்டும் என்று நீ அம்மாவிடம் கேட்டிருந்தாய். நூர்தீன் அதற்காக வேறு இரண்டு வேலைகளை மறுத்திருக்கிறார்.

நான் போனபோது அருமைநாயகம் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நூர்தீன் இரண்டு தேநீரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னங்கண்ணே இது, எங்க நிக்காஹ்ல எல்லாரும் உக்காந்துதான் இருப்போம், ஒரு கொழப்பமும் வராது. நீங்க ரெண்டு பேர் எந்திரிச்சு ஒரு கல்யாணத்தையே உக்கார வெச்சுட்டீங்களே!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பிள்ளைங்க வருதா, வரலையா? அதை மட்டும் சொல்லுங்க. ஆடு எனக்குப் பெருசில்ல" என்றார்.

அவர் அடுப்புப் பக்கம் போன பிறகு அருமைநாயகம் ஒன்று சொன்னான். அறுவைக்குப் பிறகு அவன் மருத்துவமனையில் படுத்திருந்தபோது நீ விடுமுறையில் வந்தவள் அவனைப் போய்ப் பார்த்தாயாம். இரண்டு நாள், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாயாம். எனக்கு அது தெரியாது. நண்பர்களைப் பார்க்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட நீ தொலைபேசியில் மாத்திரை பெயர் மட்டும்தான் சொல்கிறாய். அருமைநாயகம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொறைக்காத. அவ எனக்காக வரல. 'அங்கிள், அப்பாகிட்ட நீங்களே ஒரு தடவ பேசுங்க, அவர் மொதல்ல பேச மாட்டாரு'ன்னு சொல்லத்தான் வந்தா. நான்தான் பேசல. நீ போனை வெச்சிருவேன்னு பயந்துட்டேன்" என்றான்.

வைத்திருப்பேன். அதையும் அவனிடம் சொன்னேன். "தெரியும்" என்றான்.

தேநீர் ஆறிப்போயிற்று. நான் கமிட்டிக் கூட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். அவன் தன் பக்கத்தைச் சொன்னான். அதை நான் ஏற்கவில்லை. இன்றும் ஏற்கவில்லை. அவன் செய்தது தவறு. அந்தத் திரையும் தவறு. இந்த வருஷக் கடைசியில் நிலத்தின் குத்தகை முடிந்து, அந்தக் கோயிலை ஒப்படைத்துவிட்டு வேறொரு சபையின் மண்டபத்தில் போய் ஒண்டிக்கொள்ளப் போகிறோம், அப்போதும் அது தவறாகவே இருக்கும். ஆனால் ஒன்றை மட்டும் எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அத்தனை பேர் இருந்த கோயிலில் நான் எதற்காக நிற்கிறேன் என்று அறிந்தவன் ஒருவன்தான் இருந்தான். நான் ஆரம்பிக்காவிட்டால் அவன் எழுந்திருப்பானா என்று கேட்டேன். "முட்டிய வெச்சுக்கிட்டு நான் எதுக்குடா மொத பெஞ்சுல வந்து உக்காந்தேன்?" என்றான்.

நான் எழுதுகிறேன், நீ சொல் என்றேன். எழுதுவதில் எனக்கிருக்கிற வசதி அவனுக்கில்லை. அவன் சொன்னதைச் சொன்னபடியே போடுகிறேன், தொழில் தர்மம்: "ரோஷினிம்மா, ஒங்கப்பன் கோவக்காரன், புடிவாதக்காரன், ஆனா பொய் சொல்லத் தெரியாது. அன்னைக்கு அவன் நின்னது ஒனக்காக. நான் நின்னதும் ஒனக்காகத்தான், அவனுக்காக இல்ல. பிரேமக் கூட்டிக்கிட்டு வா. அவன் எடுக்கலன்னா நீ அவன் போனை எடுத்து, ஒங்கப்பா கூப்புடுறாருன்னு கையில குடு." கடைசியில் இன்னும் ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இனி வரும் ஞாயிறு நடக்கப் போவதைச் சொல்கிறேன், மறுபடி பயந்துவிடாதே. பாஸ்டர் ஆராதனைக்கு முன்பே சபைக்கு முறையை விளக்கிவிடுவார். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. புளோரா ஆன்ட்டிக்கு இரண்டு தடவை தேவைப்படும். பிறகு வாசிப்பார். யார் முதலில் எழுவது என்பதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தால் என்ன என்று பாஸ்டர் கேட்டார். அவனுக்கு முழங்கால் மடங்கவில்லையே. ஆகவே ஒரே பெஞ்சில் உட்காரப் போகிறோம். நான் எழும்போது அவன் என் தோளைப் பிடித்து எழுவான். இதைச் சமாதானம் என்று நீ பிரேமிடம் சொல்ல வேண்டாம். இது முழங்கால் விஷயம்.

பாஸ்டர் "ஆமென்" சொல்லும் வரை நிற்போம். அவர் இந்த முறை மறக்க மாட்டார். காகிதத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.

உன் கல்யாணம்தான் அந்தக் கட்டடத்தில் கடைசிக் கல்யாணம். அதற்காக வா என்று நான் சொல்லவில்லை. கட்டடம் போகட்டும். கம்பமே போனது, நாம் இருக்கவில்லையா? நூர்தீனுடைய ஆட்டுக்காகவும் வர வேண்டாம். அம்மா உனக்காக எடுத்து வைத்திருக்கிற சேலையும் பீரோவில் இருக்கிறது. அதைப் பற்றி அவளே எழுதுவாள்.

நீ பார்த்த அந்த வீடியோவை அம்மா எனக்கும் காட்டினாள். ஆராதனையை அனுப்புகிற கேமரா பின்சுவரில் இருக்கிறது. அதனால் அதில் என் முதுகுதான் தெரிகிறது. வெள்ளைச் சட்டை, விறைப்பான முதுகு, அசையாத தலை. நானே பார்த்தாலும் அந்த ஆள் கல்யாணத்தை நிறுத்த வந்தவன் என்றுதான் சொல்வேன். உன் மேல் எனக்கு வருத்தமில்லை. பாஸ்டர் உன் பெயரை வாசித்தபோது என் முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பயத்தில் அவரும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்.

வரும் ஞாயிறும் அந்தக் கேமரா பின்சுவரில்தான் இருக்கும். மெல்பர்னிலிருந்து பார்த்தால் மறுபடியும் என் முதுகைத்தான் பார்ப்பாய், இந்த முறை அதில் ஒரு கை ஊன்றியிருக்கும். முன்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நேரில்தான் வர வேண்டும், மகளே. சனிக்கிழமை விமானத்தில் இடமிருக்கிறதாம். அம்மா விசாரித்துவிட்டாள். என்னிடம் சொல்லாமல்தான் விசாரித்தாள். நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

வரும் வழியெல்லாம் கர்த்தர் உங்கள் இருவரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். பிரேமுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல். அதை வாயால் சொல்லத்தான் எனக்கு இன்னும் பழகவில்லை.

விமான நிலையத்தில் நிற்பேன். அங்கே பேசவும் செய்வேன்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா,
தேவவரம்